அவைக்குறிப்பில் ஏறிய பெயர்

"ஆதாரம் கேட்டுட்டாங்க மேடம். நாளைக்குள்ள குடுக்கணுமாம். இல்லைன்னா பேசினதையே நீக்கிடுவாங்களாம். நீங்க வேலை பாத்தப்ப இப்படி வந்திருக்கா?"

சென்ற மாதம் தொலைபேசியில் இப்படிக் கேட்டவர், ஒரு மாநிலங்களவை உறுப்பினரிடம் புதிதாக உதவியாளராகச் சேர்ந்திருக்கும் பெண். என் எண்ணை யாரிடமோ வாங்கியிருக்கிறார். இப்போதெல்லாம் உறுப்பினர் பேசி முடித்து உட்காருவதற்குள் அவர் பேச்சு துண்டு துண்டாகக் கைப்பேசிகளில் ஓடத் தொடங்கிவிடுகிறது. எழுதிக் கொடுக்கவும், வெட்டி ஒட்டவும் தனித்தனி ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் எதிர்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, "எந்த ஊர்? யார் அந்தப் பெண்? பெயரைச் சொல்லுங்கள்" என்று கேட்டால் வரும் பயம் மட்டும் அன்றைக்கு இருந்தது போலவே இருக்கிறது. அழைத்தவர் அவசரத்தில் இருந்ததால் நாலு வரியில் சொல்லி முடித்தேன். முழுவதையும் இங்கே எழுதுகிறேன்.

நான் மதுரைக்காரி. சௌராஷ்டிர நெசவாளர் குடும்பம். அண்ணன்மார் தறியில் உட்கார்ந்தார்கள். நான் தட்டச்சு வகுப்பில் உட்கார்ந்தேன். தமிழிலும் ஆங்கிலத்திலும் சுருக்கெழுத்து தேறி, ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் சில வருடம் குப்பை கொட்டி, பிறகு ஒரு வழக்கறிஞர் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தேன். அந்த வழக்கறிஞர்தான் தெய்வானை அம்மா. வாடிப்பட்டிப் பக்கம் நாற்று நட்டும் களை எடுத்தும் பிழைத்த குடும்பத்தில் முதலாவதாகப் படித்தவர். அவருடைய கட்சி தொண்ணூறுகளில் அவரை மாநிலங்களவைக்கு அனுப்பியபோது, "சரோஜா, நீயும் வா. எனக்குப் புது ஆளப் பழக்கிக்கிட்டு இருக்க நேரமில்லை" என்றார். அப்படித்தான் நான் ஒரு நாடாளுமன்ற உறுப்பினரின் உதவியாளர் ஆனேன். கூட்டத்தொடர் நடக்கும்போது அவர் டெல்லியில் இருப்பார். நான் பெரும்பாலும் மதுரை அலுவலகத்தில் இருப்பேன்.

அவர் பேச்சு தயாரிக்கும் முறையைச் சொல்ல வேண்டும். அறைக்குள் நடந்துகொண்டே சொல்வார், நான் எழுதுவேன். முடித்ததும் சுவரோரம் நின்று, "இப்ப வாசி" என்பார். அவர் கேட்பது தன் பேச்சை அல்ல, எதிரே இருப்பவன் காதில் விழப்போவதை. ஒருமுறை தேநீர்க் கடைகளில் தனிக் குவளை வைப்பது பற்றிய பேச்சில் 'கொடுமை' என்று ஒரு சொல் வந்தது. உடனே கையை உயர்த்தினார்.

"கொடுமைங்கிறத எடுத்துடு. என்ன நடந்துச்சோ அது மட்டும் இருக்கட்டும். கொடுமைன்னு கேக்குறவங்க சொல்லட்டும். நாமளே சொல்லிட்டா அவங்களுக்கு வேலை இல்லாமப் போயிடும்."

அவையில் கட்சிக்கு ஒதுக்கும் நேரத்தில் அவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். மணி அடித்தால் உட்கார வேண்டும். அதனால் முக்கியமானதை முதலில் வைப்பார். புள்ளிவிவரத்தையும் நன்றியையும் கடைசியில் வைப்பார். தமிழில்தான் பேசுவார். அதற்கு முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளர் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, அவர் பேசப்பேச ஆங்கிலத்தில் சொல்வார். பேச்சின் பிரதியை மொழிபெயர்ப்பாளர் அறைக்கு அனுப்பிவைப்பதும், கடினமான சொற்களுக்குத் தொலைபேசியில் விளக்கம் சொல்வதும் என் வேலை. வயல் வரப்பில் 'பண்ணையாள்' என்று சொல்வதை ஆங்கிலத்தில் வெறும் 'வேலைக்காரர்' ஆக்கிவிடக் கூடாது என்பதற்காக நான் அந்த மொழிபெயர்ப்பாளரோடு அரைமணி நேரம் வாதாடியிருக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி வைத்திருந்தார். அவையில் யாருடைய கதையைச் சொன்னாலும், அந்த ஆளிடம் முதலில் கேட்க வேண்டும். சொல்லலாமா, பெயரோடு சொல்லலாமா, ஊரோடு சொல்லலாமா என்று மூன்றையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். "அவங்க அங்க வர முடியாது. நாம பேசிட்டு டெல்லியில இருந்துக்குவோம். மறுநாள் காலையில அந்தத் தெருவுல எந்திரிக்கிறது அவங்க" என்பார்.

உள்ளாட்சிகளில் பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட மக்களுக்கும் இடம் ஒதுக்கி, முதல் தேர்தல் நடந்து முடிந்திருந்த காலம். வாடிப்பட்டி வட்டாரத்தில் ஓர் ஊராட்சிக்கு ராக்கம்மாள் தலைவரானார். காலனித் தெருக்காரர், நாற்பது வயதிருக்கும், கையெழுத்துப் போடத் தெரியும், எழுத்துக் கூட்டிப் படிப்பார். அந்த ஊர்ப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அந்த ஊர்ப் பிள்ளைகள் இன்று எல்லாத் தெருவிலிருந்தும் ஒரே பேருந்தில் கல்லூரிக்குப் போகிறார்கள். அவர்கள் தாத்தாக்கள் செய்ததை அவர்கள் தலையில் ஏற்ற எனக்கு மனமில்லை.

ராக்கம்மாள் ஒருநாள் மதுரை அலுவலகத்துக்கு வந்தார். நாற்காலியைக் காட்டினால் உட்காரவில்லை. தெய்வானை அம்மா எழுந்துபோய்க் கையைப் பிடித்து உட்கார வைத்த பிறகுதான் வாயைத் திறந்தார். ஊராட்சி அலுவலகத்தில் தலைவர் நாற்காலியில் துணைத் தலைவர் உட்காருகிறார். அவர்தான் ஊரில் பெரிய நிலக்காரர். ராக்கம்மாள் வாசற்படிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார வேண்டும். எழுத்தர் குனிந்து தீர்மானப் புத்தகத்தை நீட்டுவார். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

"நாக்காலியில உக்காந்தா என்ன செய்வாங்க?" என்று கேட்டார் தெய்வானை அம்மா.

"என்னய ஒண்ணும் செய்ய மாட்டாகம்மா. எங்க வீட்டுக்காரரு அவரு மோட்டார் ரூம்லதான வேலை பாக்குறாரு. பொங்கித் திங்கிற அரிசி அங்கிட்டிருந்துதான் வருது."

மூன்று கேள்விகளையும் கேட்டோம். சொல்லலாம் என்றார். பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம் என்றார். அப்படியே எழுதிக்கொண்டோம்.

அடுத்த கூட்டத்தொடரில் உள்ளாட்சி அமைப்புகள் பற்றிய விவாதத்தில் தெய்வானை அம்மாவுக்கு நேரம் கிடைத்தது. "என் மாவட்டத்தில் ஓர் ஊராட்சித் தலைவர், ஒரு பெண், தன் அலுவலகத்தில் தரையில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறார். அவருடைய நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார். நாம் இயற்றிய சட்டம் வாசற்படி வரை போயிருக்கிறது, உள்ளே போகவில்லை." இதுதான் பேச்சின் தொடக்கம். மூன்றாவது வாக்கியம் முடியும்போதே எதிர்வரிசையில் ஓர் உறுப்பினர் எழுந்துவிட்டார். எந்த ஊர், யார் அந்தப் பெண், இது கட்டுக்கதை, ஒரு மாநிலத்தையே இழிவுபடுத்துகிறார் என்று கூச்சல். அவையை நடத்திக்கொண்டிருந்தவர் கடைசியில் சொன்னது இது: மறுநாள் கேள்வி நேரம் முடிந்ததும் உறுப்பினர் ஊரையும் பெயரையும் சொல்லி உறுதிப்படுத்த வேண்டும். இல்லையென்றால் அந்தப் பகுதி அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்படும்.

பிற்பகலில் எனக்குத் தொலைபேசி வந்தது. தெய்வானை அம்மாவுக்குப் பதற்றம் வந்தால் பேச்சு மெதுவாகிவிடும். அன்று மிக மெதுவாகப் பேசினார்.

"சரோஜா, நடந்ததைச் சொல்லிட்டேன்ல? இப்ப நீ ராக்கம்மாளப் பாக்கணும். நீ அவளச் சம்மதிக்க வைக்கப் போகல. கேக்கப் போற. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு, புரியுதா?"

"புரியுதும்மா. வேணாம்னு சொன்னா?"

"வேணாம்னா வேணாம். நாளைக்கு எந்திரிச்சு, பேர் சொல்ல எனக்கு அனுமதி இல்லைன்னு சொல்லிட்டு உக்காந்துடுவேன். நீக்கினா நீக்கட்டும். பொய் சொன்னான்னு பேர் வந்தா எனக்கு வரட்டும்."

தொலைபேசியை வைத்த சிறிது நேரத்தில் மறுபடியும் அடித்தது. இந்த முறை கட்சியின் மாவட்ட நிர்வாகி ஒருவர். எனக்கு நன்றாகத் தெரிந்தவர். என்னை எப்போதும் தங்கச்சி என்றுதான் அழைப்பார்.

"தங்கச்சி, அம்மா சொன்னாகன்னு அந்தப் பக்கம் போயிராத. எலெக்சன் வருது. அம்புட்டு ஓட்டும் அந்தத் துணைத் தலைவரு கையில. மேலிடத்துலயும் சொல்லிட்டாக, அந்தப் பேச்ச அப்படியே விட்டுரணும்னு. நீ குடும்பத்துப் பிள்ள. ஒனக்கு எதுக்கு?"

"சரிண்ணே" என்று சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு பெரியார் பேருந்து நிலையத்துக்குப் போனேன்.

அன்று வாடிப்பட்டி ஒன்றிய அலுவலகத்தில் ஊராட்சித் தலைவர்கள் கூட்டம் என்பது எனக்குத் தெரியும். நான் போய்ச் சேர்ந்தபோது கூட்டம் கலைந்து எல்லோரும் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். ராக்கம்மாளைப் பார்த்தேன். அவருக்கு இரண்டடி முன்னால் துணைத் தலைவர் நடந்துகொண்டிருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் ஒரு தோல் பை. ராக்கம்மாளிடம் யார் பேச வந்தாலும் அவரே திரும்பிப் பதில் சொன்னார். டெல்லியில் நடந்தது அவருக்கு எட்டிவிட்டது என்று அவர் என்னைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது. என்னை யாரென்று அவருக்குத் தெரியாது. ஆனால் அன்று தெரியாத முகம் எல்லாமே அவருக்குச் சந்தேகம்தான்.

அவர்கள் ஏறிய நகரப் பேருந்தில் நானும் ஏறினேன். பரவை மார்க்கெட்டில் காய் விற்றுவிட்டு மாறி ஏறிய பெண்கள் வெறுங்கூடைகளோடு முன்பக்கம் அடைத்துக்கொண்டு நின்றார்கள். துணைத் தலைவர் பின்வாசலில் ஏறி, ஆண்கள் பக்கம் உட்கார்ந்தார். அங்கிருந்து அவருக்கு ராக்கம்மாளின் தலை தெரியும். பக்கத்தில் இருப்பது யார் என்று தெரியாது. ஒரு கூடைக்காரப் பெண்ணிடம் கெஞ்சி, ராக்கம்மாளின் பக்கத்து இடத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

"திரும்பாதீங்கக்கா. நான் வக்கீலம்மா ஆபீஸ் சரோஜா."

அவர் திரும்பவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"எம் பேரச் சொல்லிட்டாகளா?"

"சொல்லலக்கா. பேரும் ஊரும் கேட்டுக் கத்துனாங்க. அம்மா வாயத் தெறக்கல. நாளைக்குள்ள சொல்லணுமாம்."

"சொல்லலைன்னா?"

"அம்மா பேசினதை அழிச்சிருவாங்க. பேசவே இல்லைங்கிற மாதிரி ஆயிரும்."

பேருந்து ஒரு நிறுத்தத்தில் நின்றது. பின்னாலிருந்து துணைத் தலைவர் குரல் வந்தது: "ராக்கு, அங்க யாரு கூட என்ன பேச்சு?"

ராக்கம்மாள் திரும்பாமலே சத்தமாகச் சொன்னார்: "கத்திரிக்கா என்ன வெலைக்குப் போச்சுன்னு கேட்டேனுங்க."

கூடைக்காரப் பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். என்ன புரிந்ததோ, சேலை முந்தானையை உதறுவது போல நகர்ந்து, எங்களுக்கும் பின்பக்கத்துக்கும் நடுவில் தன் கூடையோடு நின்றுகொண்டார். நடத்துநர் விசில் ஊதினார். பேருந்து நகர்ந்தது.

எனக்கு அந்த நேரத்தில் எவ்வளவோ சொல்ல வேண்டும் போல இருந்தது. அக்கா, இந்தியா முழுக்கக் கேட்கும். அக்கா, உங்களைப் போல எத்தனையோ பேருக்கு இது உதவும். இதெல்லாம் நாக்கு நுனிவரை வந்தது. 'கேக்கப் போற, சம்மதிக்க வைக்கப் போகல' என்ற சொல்தான் வாயை அடைத்தது. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவ்வளவு கடினம் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

ஒரு வாய்க்கால் பாலத்தைத் தாண்டியதும் அவரே பேசினார்.

"பேரச் சொல்லட்டும் தாயி."

நான் மூச்சை விட்டேன். ஆனால் அவர் முடிக்கவில்லை.

"ஆனா இன்னைக்குச் சொல்லக் கூடாது. தரையில உக்காந்திருக்கவளா எம் பேரு அங்க ஏறக் கூடாது. எம் மக பிற்பாடு படிச்சுப் பாத்தா எனக்குக் கேவலம். நாளைக்குக் காலையில நான் நாக்காலியில உக்காருறேன். உக்காந்த பொறகு சொல்லச் சொல்லுங்க."

"அக்கா, யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"யோசிச்சுக்கிட்டேதான இம்புட்டு நாளும் தரையில உக்காந்திருந்தேன்."

அவர் இறங்கும் இடம் வந்துவிட்டது. நான் இறங்காமல் அடுத்த ஊர் வரை போய், எதிர்ப் பேருந்து பிடித்து வாடிப்பட்டிக்குத் திரும்பி, அங்கிருந்த தொலைபேசிக் கடையில் டெல்லிக்கு அழைத்தேன். தெய்வானை அம்மா முழுதும் கேட்டார்.

"அவ சொன்னதுதான் சரி" என்றார். "நான் கலெக்டர் ஆபீசுக்குப் பேசுறேன். யாராவது அதிகாரி காலையில அங்க இருக்கணும். நீயும் போ. எதுலயும் தலையிடாத. கண்ணால பாத்துட்டு எனக்குச் சொல்லு. நீ பாக்காதத நான் அங்க சொல்ல மாட்டேன்."

கேள்வி நேரம் முடியும்வரை நாடாளுமன்றக் கட்டடத்தில் கட்சி அறைத் தொலைபேசிக்குப் பக்கத்தில் தன் ஆள் ஒருவர் காத்திருப்பார் என்றும், 'உக்காந்தாச்சு' என்று மட்டும் சொன்னால் போதும் என்றும் ஏற்பாடு.

வீட்டில் என் தாயார் எங்கள் மொழியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "அந்த ஊரில் உனக்கு யார் இருக்கிறார்கள்?" காலையில் எனக்கு முன்னே எழுந்து இட்லி அவித்து வைத்திருந்தார்.

ஊராட்சி அலுவலகம் என்பது ஓர் ஒற்றை அறை. ஒரு மேசை, கை வைத்த இரும்பு நாற்காலி ஒன்று, சுவரோரம் உறுப்பினர்களுக்கு நீளப் பெஞ்சு. நான் போனபோது அதிகாரி யாரும் வந்திருக்கவில்லை. எழுத்தர் மட்டும் கதவைத் திறந்து பெருக்கிக்கொண்டிருந்தார். சிறிது நேரத்தில் ராக்கம்மாள் வந்தார். துவைத்து மடித்த சேலை கட்டியிருந்தார். வாசலில் செருப்பை விட்டார். வழக்கமாக உட்காரும் இடத்தைத் தாண்டினார். மேசையைச் சுற்றிப்போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

எழுத்தர் கையில் விளக்குமாற்றோடு அப்படியே நின்றுவிட்டார்.

"அக்கா, என்ன இது? அவரு இப்ப வந்துருவாரு. எந்திரிச்சிருங்க. எனக்குப் பிள்ள குட்டி இருக்கு."

"வரட்டும்யா. ஒன்னய ஒண்ணும் சொல்ல மாட்டாரு. நாந்தான உக்காந்திருக்கேன்."

ஐந்து நிமிடத்தில் அலுவலகத்துக்கு முன்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒரு பக்கம் ஊர்த் தெருக்காரர்கள். தள்ளி, காலனிக்காரர்கள். யாரும் யாரோடும் பேசவில்லை. எழுத்தர் மேசைமீது எதையோ அடுக்குவது போல அடுக்கிக்கொண்டே இருந்தார்.

துணைத் தலைவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். கத்தவில்லை. சிரித்துக்கொண்டுதான் உள்ளே நுழைந்தார்.

"என்ன ராக்கு, முட்டி வலியா? தரையில உக்கார முடியலையா?"

ராக்கம்மாள் தீர்மானப் புத்தகத்தை இழுத்துத் தன் முன்னால் வைத்துக்கொண்டார்.

"சரி, எந்திரி. நெறைய வேலை கெடக்கு."

"இது தலைவர் நாக்காலிதானுங்களே. நாந்தான தலைவரு."

சிரிப்பு போய்விட்டது. மேசைமீது தோல் பையைப் போட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ யாரு? நேத்துப் பஸ்ஸுல பாத்தேனே ஒன்ன."

"எம்.பி. அம்மாவோட உதவியாளர்" என்றேன்.

"அப்ப ஒங்கம்மா டெல்லியில இருந்து இவளுக்குக் கஞ்சி ஊத்துவாகளா?" என்று கேட்டுவிட்டு, வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "டேய் முனியாண்டி! இங்க வாடா."

முனியாண்டி ராக்கம்மாளின் கணவர். கூட்டத்திலிருந்து வந்தார். ஒல்லியான மனிதர். தோள் துண்டு இடுப்புக்கு இறங்கியிருந்தது. வாசற்படிக்கு வெளியே நின்றார்.

"ஒம் பொண்டாட்டிய எந்திரிக்கச் சொல்லு."

முனியாண்டி மனைவியைப் பார்த்தார். ராக்கம்மாள் அவரைப் பார்க்கவில்லை, மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்காலிக் கையை விடாமல் பிடித்திருந்தார். கணவர் சொன்னால் அவர் எழுந்துவிடுவார் என்று எனக்குத் தோன்றியது. அங்கிருந்த எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும். அவர்களுக்குள் முந்தைய இரவு என்ன பேச்சு நடந்ததோ, ஒன்றுமே நடக்கவில்லையோ, எனக்குத் தெரியாது.

முனியாண்டி இடுப்பில் செருகியிருந்த மோட்டார் அறைச் சாவியை எடுத்தார். குனிந்து வாசற்படியில் வைத்தார்.

"நீ உக்காரு ராக்கு. நான் வேற வேலை பாத்துக்கிறேன்."

சொல்லிவிட்டு அங்கேயே நின்றார். போகவில்லை.

துணைத் தலைவர் அந்தச் சாவியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கை ஓங்கிவிடுவார் என்று நினைத்து நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அவர் ஓங்கவில்லை. கூட்டத்தில் காலனிப் பெண்கள் இரண்டு பேர் முன்னால் வந்து, முனியாண்டிக்குப் பக்கத்தில் நின்றார்கள். பிறகு இன்னும் சிலர். துணைத் தலைவர் பையை எடுத்துக்கொண்டார். "பாத்துக்கிறேன்" என்று ஒரே ஒரு சொல். மோட்டார் சைக்கிள் கிளம்பிப் போனது.

ராக்கம்மாள் என்னைப் பார்த்து, "போங்க தாயி, போயிச் சொல்லுங்க" என்றார்.

அந்த ஊர்த் தொலைபேசிக் கடைக்காரர் என்னைக் கண்டதும் "லைன் இல்லைங்க" என்றார். உள்ளே ஒருவர் பேசிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. வாதாட நேரமில்லை. பிரதான சாலைக்கு ஓடி, பால் கேன் ஏற்றிய ஒரு வேனை மறித்து ஏறி வாடிப்பட்டிக்குப் போனேன். வழியில் வட்டாட்சியரின் ஜீப் எதிரே போனது. இப்போதுதான் போகிறார்கள்.

கட்சி அறைக்கு அழைத்தேன். எடுத்தவர் எனக்குப் பழக்கமில்லாத குரல். "தெய்வானை அம்மாவோட ஆள் இருக்காரா?" என்றேன். "இங்க யாரும் இல்லை" என்று வைத்துவிட்டார். மறுபடியும் அழைத்தேன். எடுத்து, எடுத்த கையோடு வைத்தார்கள். அந்தப் பேச்சை விட்டுவிட வேண்டும் என்ற மேலிடத்துச் சொல் அங்கேயும் போய்ச் சேர்ந்திருந்தது. கடைச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். கேள்வி நேரம் முடியப்போகிறது. அங்கே அவர் எழுந்து, பெயர் சொல்ல அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டால், இங்கே அந்தச் சாவி வாசற்படியில் கிடந்ததற்கு என்ன அர்த்தம்?

அப்போதுதான் மொழிபெயர்ப்பாளர் அறை நினைவுக்கு வந்தது. அந்த எண் எனக்கு மனப்பாடம். 'பண்ணையாள்' சொல்லுக்காக என்னோடு சண்டை போட்டவரே எடுத்தார். வேகமாகச் சொன்னேன். கொஞ்சம் தயங்கினார். "இது என் வேலை இல்லையேம்மா" என்றார். பிறகு, "ஒரு உறுப்பினருக்கு வந்த தகவலைச் சேர்க்காம விடறதும் என் வேலை இல்லை. சொல்லுங்க, என்ன எழுதணும்?" என்றார்.

"உக்காந்தாச்சு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் சார்."

அதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அவைக் காவலர் கையில் கொடுத்தனுப்பிவிட்டுத் தன் கூண்டுக்குள் போய் உட்கார்ந்ததாகப் பிறகு சொன்னார். சீட்டு போய்ச் சேர்ந்தபோது தெய்வானை அம்மா பாதி எழுந்திருந்தாராம்.

அன்று அவர் பேசியது மிகச் சில வரிகள். அவைக்குறிப்பில் இருக்கிறது. "நேற்றுக் கேட்ட பெயரை இன்று சொல்கிறேன். அவர் பெயர் ராக்கம்மாள்" என்று தொடங்கி, ஊரையும் ஒன்றியத்தையும் மாவட்டத்தையும் சொன்னார். "அவருடைய அனுமதியோடு சொல்கிறேன். நேற்று நான் சொன்னதில் ஒரே ஒரு திருத்தம் இருக்கிறது. அவர் இப்போது தரையில் இல்லை. இன்று காலை தன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவரை அதில் தொடர்ந்து உட்கார விடுவது இந்த அவையின் பொறுப்பு." நேற்றுக் கத்திய உறுப்பினர் எழுந்திருக்கவில்லை. பதிவில் இருக்கட்டும் என்று அவையை நடத்தியவர் சொன்னார். மணி அடிக்கும் முன்பே தெய்வானை அம்மா உட்கார்ந்துவிட்டார்.

இதோடு எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. காலனித் தெருவில் யாரையும் வயல் வேலைக்குக் கூப்பிடவில்லை. ஊருக்குள் இருந்த மளிகைக் கடை அவர்களுக்கு மூடியது. முனியாண்டி பரவை மார்க்கெட்டில் மூட்டை தூக்கப் போனார். தோள்பட்டையில் தோல் உரிந்து பல மாதம் துண்டை நனைத்துப் போட்டுக்கொண்டு திரிந்தார். கொஞ்ச காலம் அலுவலக வாசலில் ஒரு போலீஸ்காரர் நின்றார். பிறகு அவரும் போய்விட்டார். ராக்கம்மாள் மட்டும் தினமும் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். தெய்வானை அம்மாவுக்கு அந்தக் கூட்டத்தொடர் முழுக்கக் கட்சி பேச நேரம் தரவில்லை. பதவிக்காலம் முடிந்ததும் மறுபடியும் அனுப்பவில்லை. அவர் மதுரைக்கு வந்து கறுப்புக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். நானும் பழையபடி வழக்குக் கட்டுகளைத் தட்டச்சு செய்யத் தொடங்கினேன். அதைப் பற்றி அவர் ஒருநாளும் குறைப்பட்டுக்கொண்டதில்லை. மற்ற எல்லாவற்றைப் பற்றியும் குறைப்பட்டுக்கொள்வார்.

ஊராட்சியின் முதல் ஐந்தாண்டு முடிந்து அடுத்த தேர்தல் வந்தது. ராக்கம்மாள் மறுபடியும் நின்றார். துணைத் தலைவர் காலனித் தெருவிலிருந்தே ஓர் இளைஞனைத் தன் ஆளாக நிறுத்தினார். சொன்ன இடத்தில் கையெழுத்துப் போடக்கூடியவன். ராக்கம்மாள் தோற்றார்.

தெய்வானை அம்மாவும் நானும் அவரைப் பார்க்கப் போனோம். வீட்டு வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். உள்ளே போய் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டார்.

"வருத்தமா ராக்கு?" என்று கேட்டார் தெய்வானை அம்மா.

"வருத்தந்தாம்மா. இல்லைன்னு சொன்னா பொய்யி. நானும் ரெண்டு நாளா சோறு திங்கல."

பிறகு கையைத் துடைத்துக்கொண்டு எங்களுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"நேத்து ஆபீஸ் பக்கம் போனேன். அவந்தான் இருந்தான், புதுத் தலைவரு. மேசைக்கு அங்கிட்டு, நாக்காலியில. அந்தப் பெரிய ஆளு பெஞ்சுல உக்காந்திருந்தாரு. என்னயப் பாத்ததும் இவன் பதறிப்போயி எந்திரிக்கப் பாத்தான்." ராக்கம்மாள் சிரித்தார். "உக்காருடான்னு சொல்லிட்டு வந்துட்டேன்."